அடிமை முறைக்கு இழப்பீடு: கொடுத்தாகிவிட்டது, யாருக்கு என்பதுதான் கேள்வி

கேள்வி இதுதான்: "அடிமை முறை ஒழிந்து ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆகப்போகின்றன. அடிமையாக இருந்தவர்களும் இன்று இல்லை, அடிமை வைத்திருந்தவர்களும் இல்லை. இப்போது போய் கரீபிய நாடுகள் ஐரோப்பாவிடம் இழப்பீடு கேட்பதில் என்ன நியாயம்? அப்படியே கொடுத்தாலும் யார், யாருக்கு, எவ்வளவு கொடுப்பது?"

இழப்பீடு என்பது இப்போது யாரோ புதிதாகக் கிளப்பிய யோசனை என்று நினைத்துக்கொண்டுதான் பெரும்பாலோர் இதைக் கேட்கிறார்கள். அப்படி இல்லை. அடிமை முறைக்கான இழப்பீடு 19ஆம் நூற்றாண்டிலேயே கொடுக்கப்பட்டுவிட்டது. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, விண்ணப்பம் வாங்கி, சரிபார்த்து, ரொக்கமாகக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டவர்கள் முதலாளிகள். இது தெரிந்தால் "இவ்வளவு காலம் கழித்து எப்படிக் கணக்குப் போடுவது" என்ற கேள்வியின் பாதி கரைந்துவிடும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833இல் நிறைவேற்றிய அடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் முழுத் தலைப்பைப் படித்தாலே விஷயம் விளங்கும். அடிமை முறையை ஒழிப்பது, விடுவிக்கப்பட்டவர்களை உழைக்கத் தூண்டுவது, இதுவரை அவர்களுடைய உழைப்புக்கு உரிமை கொண்டிருந்தவர்களுக்கு இழப்பீடு கொடுப்பது என்று மூன்று வேலைகளையும் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். இழப்பீட்டுக்கு ஒதுக்கிய தொகை 2 கோடி பவுண்டு. அன்றைய பிரிட்டிஷ் அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம். கரீபியத் தீவுகள், மொரிஷியஸ், தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி எல்லாம் சேர்த்துச் சுமார் 8 லட்சம் பேர் அப்போது அடிமைகளாக இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் விலை போட்டார்கள். வயலில் வேலை செய்பவருக்கு ஒரு விலை, வீட்டு வேலை செய்பவருக்கு வேறு விலை, குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் வேறு. காலனிக்குக் காலனி சந்தை நிலவரமும் பார்த்தார்கள். ஜமைக்காவில் ஒருவருக்குக் கிடைத்ததைப் போலப் பிரிட்டிஷ் கயானாவில் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் கிடைத்தது.

ஏறக்குறைய 46,000 கோரிக்கைகள் பைசல் செய்யப்பட்டன. அந்தக் காகிதங்கள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அப்படியே இருக்கின்றன. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த வரலாற்றாய்வாளர்கள் அவற்றைத் தொகுத்து 2013இல் எல்லோரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார்கள். தோட்ட முதலாளிகளின் பெயர்கள் மட்டும்தான் அதில் இருக்கும் என்று நினைத்தவர்களுக்கு அதிர்ச்சி. பிரபுக்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், வங்கிக்காரர்கள், பாதிரியார்கள் வருகிறார்கள். இரண்டு மூன்று அடிமைகளின் வருமானத்தில் வாழ்ந்த சாதாரண விதவைகளும் வருகிறார்கள். மொத்தத் தொகையில் ஏறக்குறைய பாதி, கரீபியக் கடலைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பிரிட்டனிலேயே உட்கார்ந்திருந்தவர்களுக்குப் போனது.

பெரிய தொகை வாங்கியவர்களில் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் நான்கு முறை பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா. அவருக்கு 2,508 பேருக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. 1823இல் டெமராராவில் (இன்றைய கயானாவின் ஒரு பகுதி) வெடித்த அடிமைகளின் எழுச்சி இவருடைய 'சக்சஸ்' தோட்டத்தில்தான் தொடங்கியது. தலைமை தாங்கிய ஜாக் என்பவருக்கும் குடும்பப் பெயர் கிளாட்ஸ்டன்தான். முதலாளியின் பெயரைத்தான் அடிமைக்கும் வைத்தார்கள். ஜாக்கின் தந்தை குவாமினாவைச் சுட்டுக் கொன்று, உடலை அந்தத் தோட்டத்தின் முன்னாலேயே சங்கிலியில் தொங்கவிட்டார்கள். அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே தோட்டங்களுக்காகத்தான் கிளாட்ஸ்டனுக்கு இழப்பீடு வந்தது.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்குப் பழக்கமான ஒரு பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. எஸ்.பி.ஜி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் நற்செய்திப் பரப்புச் சங்கம். கால்டுவெல் 1841இல் இந்தச் சங்கத்தில் சேர்ந்துதான் இடையன்குடியில் பணியாற்றினார். திருநெல்வேலிச் சீமையிலும் தஞ்சாவூரிலும் அவர்கள் கட்டிய பள்ளிகளும் கோயில்களும் இன்றும் இருக்கின்றன. அதே சங்கம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் கரும்புத் தோட்டங்களை வைத்திருந்தது. ஆரம்பக் காலத்தில் அங்கிருந்த அடிமைகளின் மார்பில் 'சொசைட்டி' என்ற சொல்லைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள். 1830களில் அந்தச் சங்கமும் வரிசையில் நின்று 8,800 பவுண்டு அளவுக்கு இழப்பீடு வாங்கிக்கொண்டது. பள்ளிக்கூடம் கட்டியதும் அவர்கள்தான், சூடு போட்டதும் அவர்கள்தான். இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்வோம்.

சரி, விடுதலை பெற்றவர்களுக்கு என்ன கிடைத்தது? ஒரு பைசா இல்லை, ஒரு காணி நிலம் இல்லை. 1834 ஆகஸ்ட் 1 அன்று விடுதலை என்று அறிவித்தார்கள். ஆனால் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் "தொழில் பழகுநர்" என்ற பெயரில் அதே முதலாளியிடம் வாரத்துக்கு 45 மணி நேரம் வரை கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்று சட்டம் சொன்னது. பிறந்ததிலிருந்து கரும்பு வெட்டியவருக்கு இன்னும் என்ன தொழில் பழக்கப் போகிறார்கள்! எதிர்ப்பு வலுத்ததால் 1838இல் அதைக் கைவிட்டார்கள். அதாவது முதலாளிகளுக்கு இழப்பீடு இரண்டு வழிகளில் வந்தது. கஜானாவிலிருந்து ரொக்கம் வந்தது, அடிமைகளின் முதுகிலிருந்து நான்கு ஆண்டு இலவச உழைப்பும் வந்தது.

இந்தப் பணத்துக்கு அரசு கடன் வாங்கியது. 1835இல் லண்டன் நிதி முதலாளிகளான நேதன் ராத்சைல்டும் மோசஸ் மான்டிஃபியோரும் சேர்ந்து ஒன்றரைக் கோடி பவுண்டு திரட்டிக் கொடுத்தார்கள். மீதியைக் கடன் பத்திரங்களாகவே முதலாளிகளுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கடன் அப்படியே கிடக்கவில்லை. திருப்பித் தரும் தேதி குறிப்பிடாத பத்திரங்களோடு கலந்து, அவ்வப்போது உருமாறி, வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. எப்போது முடிந்தது தெரியுமா? 2015இல். பிரிட்டிஷ் நிதித்துறையே 2018 பிப்ரவரியில் இதைப் பெருமையாக ட்வீட் செய்தது: உங்களில் லட்சக்கணக்கானோர் உங்கள் வரிப்பணத்தால் அடிமை வணிகத்தை ஒழிக்க உதவினீர்கள் என்ற பாணியில். வாங்கிக் கட்டிக்கொண்டதும் அதை நீக்கிவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். ஜமைக்காவிலிருந்து 1950களில் பிழைக்கப் போய் லண்டனில் பஸ் ஓட்டியவர், தன் பாட்டனை விலைக்கு வைத்திருந்தவனுக்குக் கொடுத்த பணத்துக்கு வரி கட்டியிருக்கிறார். 1980களில் யாழ்ப்பாணத்திலிருந்து போன நம்மவர்களின் வரியும் அதில் சேர்ந்திருக்கிறது.

அதே 2015 செப்டம்பரில் பிரதமர் டேவிட் கேமரன் ஜமைக்காவுக்குப் போனார். இழப்பீட்டுப் பேச்சை எடுத்தவர்களிடம், பழையதை விட்டுவிட்டு முன்னே போவோம் என்றார். கையோடு ஒரு சிறைச்சாலை கட்ட 2.5 கோடி பவுண்டு தருவதாகவும் சொன்னார். பிரிட்டிஷ் சிறைகளில் இருக்கும் ஜமைக்கர்களை அங்கே அனுப்புவதற்காக! ஜமைக்கா பிறகு அதை வேண்டாமென்றுவிட்டது. கேமரனின் தூரத்து உறவு முறையில் வரும் ஜேம்ஸ் டஃப் என்பவரும் 1830களில் இழப்பீடு வாங்கியவர் என்பது வேறு கதை. அதை வைத்துக் கேமரனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆறு தலைமுறைக்கு முந்தைய உறவினருக்கு எவரும் பொறுப்பாக முடியாது.

இங்கேதான் "செய்தவரும் இல்லை, பட்டவரும் இல்லை" என்ற வாதத்துக்கு வரவேண்டும். அந்த வாதம் தனி மனிதர்களுக்குப் பொருந்தும். கோரிக்கையோ தனி மனிதர்களிடம் வைக்கப்படவில்லை, அரசுகளிடமும் திருச்சபை, வங்கி, பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களிடமும் வைக்கப்படுகிறது. அவை சாவதில்லை. 1835இல் வாங்கிய கடனுக்கு 2015 வரை வட்டி கட்டிய அரசு, 1833இல் நான் வேறு ஆள் என்று சொல்ல முடியாது. தாத்தா கட்டிய வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு, அதன் மேல் இருக்கும் அடமானத்தை மட்டும் 'அது தாத்தா காலத்துச் சமாசாரம்' என்று சொல்லும் வாரிசை எந்தக் கோர்ட்டும் ஏற்காது.

பிரிட்டன் கதையாவது சொந்த மக்களின் வரியில் சொந்த முதலாளிகளுக்குக் கொடுத்தது. ஹைட்டியில் நடந்தது அதைவிட மோசம். அங்கே இழப்பீடு கொடுத்தவர்களே முன்னாள் அடிமைகள்தான்.

கரீபியக் கடலில் இருக்கும் ஹைட்டி 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் காலனி, பெயர் சான்-தொமிங். 1780களில் ஐரோப்பா குடித்த காப்பியில் பாதிக்கு மேல், தின்ற சர்க்கரையில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்த ஒரு காலனியிலிருந்து போனது. சுமார் 5 லட்சம் அடிமைகள். வேலையின் கடுமையில் செத்துக்கொண்டே இருந்ததால் ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாகக் கொண்டுவந்துகொண்டே இருந்தார்கள். 1791 ஆகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். பிரெஞ்சுப் படை, ஸ்பானியப் படை, பிரிட்டிஷ் படை மூன்றையும் எதிர்த்துப் போராடினார்கள். நெப்போலியன் அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவரப் பெரும்படை அனுப்பினான். தலைவர் துசேன் லூவெர்த்யூரைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துக் கைது செய்து பிரான்சின் மலைக்கோட்டை ஒன்றில் அடைத்தார்கள். குளிரிலும் நோயிலும் 1803 ஏப்ரலில் அவர் இறந்தார். போர் நிற்கவில்லை. 1804 ஜனவரி 1 அன்று அவருடைய தளபதியாக இருந்த தெசலின் விடுதலையை அறிவித்தார். அடிமைகளே போராடி உருவாக்கிய ஒரே நாடு இது.

எந்த வல்லரசும் அங்கீகரிக்கவில்லை. அமெரிக்காவில் அடிமை வைத்திருந்தவர்களுக்கு ஹைட்டி என்ற பெயரைக் கேட்டாலே நடுக்கம். 21 ஆண்டுகள் இப்படியே போயிற்று. 1825இல் பிரான்சின் பத்தாம் சார்லஸ் மன்னர் ஒரு ஆணை பிறப்பித்தார். உங்களை அங்கீகரிக்கிறோம், பதிலுக்கு நிலத்தையும் உடைமையையும் இழந்த எங்கள் குடியேற்றக்காரர்களுக்கு 15 கோடி பிராங்க் கொடுங்கள், ஐந்து ஆண்டுத் தவணையில். அதோடு பிரெஞ்சுக் கப்பல்களுக்குச் சுங்க வரியில் பாதி தள்ளுபடியும் வேண்டும். ஆணையை எடுத்துக்கொண்டு வந்த மக்கோ பிரபுவின் பின்னால் 14 போர்க்கப்பல்கள், ஏறக்குறைய 500 பீரங்கிகள். ஜூலை மாதம் ஹைட்டி ஜனாதிபதி புவாயே கையெழுத்துப் போட்டார்.

இந்தத் தொகையின் அளவு புரிய ஒரு ஒப்பீடு. 1803இல் பிரான்ஸ் லூயிசியானா பிரதேசம் முழுவதையும் அமெரிக்காவுக்கு விற்றது. அது அன்றைய அமெரிக்காவையே ஏறக்குறைய இரட்டிப்பாக்கிய நிலப்பரப்பு. விலை 8 கோடி பிராங்க். ஒரு தீவின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கான பழைய காலனிக்காக ஹைட்டியிடம் கேட்டது அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதல் தவணையான 3 கோடியே ஹைட்டி அரசின் ஓராண்டு வருமானத்தைப் போல ஆறு மடங்கு.

பணம் இல்லை. எங்கே போவது? பாரிஸ் வங்கிகளிடமே கடன் வாங்கினார்கள். 3 கோடிக் கடனில் 60 லட்சத்தை வங்கிக்காரர்கள் முதலிலேயே கழித்துக்கொண்டு 2 கோடியே 40 லட்சத்தைத்தான் கொடுத்தார்கள். நம் ஊர் மீட்டர் வட்டிக்காரன் செய்வதும் இதைத்தான். இதைத்தான் ஹைட்டியில் 'இரட்டைக் கடன்' என்கிறார்கள்: இழப்பீடு ஒரு கடன், அதைக் கட்ட வாங்கியது இன்னொரு கடன். புவாயே 1826இல் கிராமச் சட்டம் ஒன்று கொண்டுவந்து விவசாயிகளை நிலத்தோடு கட்டிப்போட்டார். ஏற்றுமதிக்குக் காப்பி விளைவித்தால்தான் வரி வரும், வரி வந்தால்தான் தவணை கட்டலாம். சாட்டையை உதறிவிட்டு வந்தவர்களின் பிள்ளைகள், பழைய சாட்டைக்காரனுக்குப் பணம் அனுப்பக் காப்பி பறித்தார்கள். சாலை, பள்ளி, மருத்துவமனை எதற்கும் மிச்சமில்லை.

1838இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். 1880களில்தான் இழப்பீடு கட்டி முடிந்தது. அதற்குள் வேறு கடன்கள் குட்டி போட்டிருந்தன. 1880இல் 'ஹைட்டி தேசிய வங்கி' தொடங்கப்பட்டது. பெயரில்தான் தேசியம், உரிமை பாரிஸில் இருந்த சி.ஐ.சி. வங்கியிடம். ஹைட்டி அரசு தன் பணத்தைத் தானே போட்டு எடுக்க அந்த வங்கிக்குக் கமிஷன் கட்டியது. பிறகு அமெரிக்கா வந்தது. 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படையினர் போர்ட்-ஓ-பிரான்ஸில் இறங்கி, வங்கியிலிருந்த 5 லட்சம் டாலர் பெறுமான தங்கத்தைப் பட்டப்பகலில் கப்பலில் ஏற்றி நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு நாட்டையே ஆக்கிரமித்து 1934 வரை வைத்திருந்தார்கள். 1825இல் தொடங்கிய கடன் சங்கிலியின் கடைசிக் கண்ணி அறுந்தது 1947இல். இந்தியா சுதந்திரம் அடைந்த ஆண்டு.

நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2022இல் ஆவணங்களைத் தேடி இந்தக் கணக்கைத் தவணை தவணையாகக் கூட்டிப் பார்த்தது. இழப்பீடும் அதற்கான கடனும் வட்டியுமாக ஹைட்டி கட்டியது ஏறக்குறைய 11.2 கோடி பிராங்க். இன்றைய மதிப்பில் சுமார் 56 கோடி டாலர். அந்தப் பணம் நாட்டிலேயே இருந்து சாதாரணமாக வளர்ந்திருந்தால் குறைந்தது 2,100 கோடி டாலர் அளவுக்குப் பொருளாதாரத்தில் சேர்ந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 2003 ஏப்ரலில் ஜனாதிபதி அரிஸ்டீட் பிரான்சிடம் திருப்பிக் கேட்டதும் ஏறக்குறைய அதே அளவு: 2,168 கோடி டாலர் சொச்சம், கடைசி 48 சென்ட் வரை. பாரிஸில் சிரித்தார்கள். பத்து மாதத்தில், 2004 பிப்ரவரி கடைசியில், ஆயுதக் கலகத்தின் நடுவே அவர் பதவி இழந்து அமெரிக்க விமானத்தில் நாட்டைவிட்டுப் போனார். அவர் ஆட்சியில் குறைகள் ஏராளம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 48 சென்ட் வரை கேட்டது கோமாளித்தனம் என்று அன்று எழுதியவர்கள், பிரான்ஸ் வாங்கியபோது எவ்வளவு துல்லியமாகக் கணக்குப் பார்த்தது என்பதை எழுதவில்லை.

தமிழர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. அடிமைகள் கையைவிட்டுப் போனதும் முதலாளிகளுக்குக் குறைந்த கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. இழப்பீட்டுப் பணம் கையில் இருந்தது. 1834இலேயே மொரிஷியஸுக்கு இந்தியர்களை ஏற்றிய கப்பல்கள் போகத் தொடங்கின. அந்தத் தீவின் முதலாளிகளுக்கு 20 லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பீடு கிடைத்தது. மேலே சொன்ன கிளாட்ஸ்டன்தான் கயானாவுக்கு இந்தியக் கூலிகளைக் கொண்டுபோக ஏற்பாடு செய்த முதல் ஆள். 1838 மே மாதம் கல்கத்தாவிலிருந்து இரண்டு கப்பல்களில் ஏறக்குறைய 400 பேர் இறங்கினார்கள். 1840களில் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. கயானாவில் இன்றும் மாரியம்மன் வழிபாடு நடக்கிறது என்றால் அந்தப் பயணங்கள்தான் காரணம்.

ஆனால் ஒப்பந்தக் கூலிகளும் அடிமைகள்தான், எங்களுக்கும் அதே இழப்பீடு என்று நம்மவர்கள் சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒப்பந்தத்துக்குக் காலக்கெடு இருந்தது, கூலி இருந்தது, அது அற்பம்தான் என்றாலும். முக்கியமாக, பிறக்கும் குழந்தை முதலாளியின் சொத்தாகவில்லை. கொடுமைகள் உண்டு, ஏமாற்று உண்டு, அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். மொரிஷியஸ் 2009இல் அமைத்த உண்மை மற்றும் நீதி ஆணையம் அடிமை முறை, ஒப்பந்தக் கூலி முறை இரண்டையும் விசாரித்து, பறிபோன நிலங்களைப் பற்றியும் பரிந்துரை செய்தது. கரீபியத்தில் நடந்த எந்த முயற்சியைவிடவும் அது நாம் படிக்க வேண்டிய ஒன்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1833 சட்டத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் இது பொருந்தாது என்று தனிப் பிரிவே உண்டு. தஞ்சாவூரிலும் செங்கல்பட்டிலும் மலபாரிலும் நிலத்தோடு சேர்த்துக் கைமாறிக்கொண்டிருந்த பண்ணையாட்களை அந்தச் சட்டம் தொடவில்லை. 1843இல் வந்த இந்தியச் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றம் அமல்படுத்தாது என்று மட்டும் சொன்னது. யாருக்கும் இழப்பீடு இல்லை, நிலமும் இல்லை. 1892இல் பட்டியல் சாதி மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் பின்னாளில் யார் கைக்குப் போயின என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜமைக்காவுக்கு நியாயம் கேட்கும் தமிழர் அதையும் கேட்டால் நல்லது.

வழக்கமான மறுப்புகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆப்பிரிக்க அரசர்களே ஆட்களைப் பிடித்து விற்றார்களே என்பார்கள். உண்மை. பெனின் ஜனாதிபதி கெரெகூ 1999இல் அமெரிக்காவுக்கே போய் அதற்காக மன்னிப்புக் கேட்டார். விற்றவன் குற்றவாளி என்பதால் வாங்கியவனின் பொறுப்பு குறையாது. அன்று அது சட்டப்படி சரிதானே என்பது அடுத்தது. அந்தச் சட்டத்தை எழுதியவர்களே முதலாளிகள், அடிமைக்கு அதில் குரல் கிடையாது. தவிர, ஹைட்டிக்கு இந்த வாதமே பொருந்தாது. 1825இல் அது சுதந்திர நாடு. பீரங்கியை நீட்டி வாங்கிய பணம் அது. பிரிட்டன்தான் பிறகு கடற்படையை அனுப்பி அடிமைக் கப்பல்களைப் பிடித்ததே என்பதும் உண்மைதான், அதற்கான பெருமை அந்த மாலுமிகளுக்கு உரியது. பார்படோஸில் கூலியில்லாமல் உழைத்தவரின் பாக்கி அதனால் தீராது.

இனி, இன்று உண்மையில் என்ன கேட்கிறார்கள்? கரீபிய நாடுகளின் கூட்டமைப்பான காரிகாம் 2013இல் இழப்பீட்டு ஆணையம் ஒன்றை அமைத்து, 2014 மார்ச்சில் பத்து அம்சத் திட்டத்தை ஏற்றது. தலைவர் பார்படோஸைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் ஹிலரி பெக்கிள்ஸ். ஆளுக்கு ஒரு செக் என்று அதில் எங்கும் இல்லை. வருத்தம் தெரிவிப்பதோடு நில்லாத முழுமையான மன்னிப்பு, எழுத்தறிவு, பொதுச் சுகாதாரம், பண்பாட்டு நிறுவனங்கள், தொழில்நுட்பம், பூர்வகுடிகளுக்கான வளர்ச்சி, கடன் தள்ளுபடி, இப்படிப் போகிறது. விடுதலைக்குப் பிறகும் பிரிட்டன் அந்தத் தீவுகளில் நூறாண்டுக்கு மேல் ஆட்சி செய்தது. போகும்போது பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாத சமூகங்களையும் கரும்பை மட்டும் நம்பிய பொருளாதாரங்களையும் விட்டுவிட்டுப் போனது. அதைச் சீர்செய்யும் செலவு புதிதாக விடுதலையான அரசுகளின் தலையில் விழுந்தது. அந்தச் செலவுக்கு வாங்கிய கடனில்தான் அவை இன்னும் தத்தளிக்கின்றன. ஆகவே பத்தில் கடன் தள்ளுபடிதான் நடைமுறையில் மிக முக்கியமானது என்பது என் கருத்து.

எவ்வளவு என்ற கேள்விக்கு 2023இல் ஒரு பெரிய முயற்சி நடந்தது. சர்வதேச நீதிமன்ற நீதிபதி பேட்ரிக் ராபின்சன் முன்னின்று வெளிக்கொணர்ந்த அறிக்கையில் பிராட்டில் நிறுவனத்தின் பொருளாதார வல்லுநர்கள் கணக்குப் போட்டார்கள். எல்லா நாடுகளும் சேர்ந்து தரவேண்டியது 100 லட்சம் கோடி டாலருக்கு மேல், பிரிட்டன் பங்கு மட்டும் 24 லட்சம் கோடி டாலர். கொடுக்காத கூலி, இழந்த உயிர், இழந்த சுதந்திரம் எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டு நூற்றாண்டுகளுக்குக் கூட்டு வட்டி சேர்த்தால் இப்படித்தான் வரும். வட்டி விகிதத்தை அரை சதவீதம் மாற்றினால் விடை தலைகீழாகிவிடும். பிரிட்டனின் ஆண்டு உற்பத்தி மொத்தமும் சுமார் 3 லட்சம் கோடி டாலர்தான். குற்றத்தின் பரிமாணத்தைக் காட்ட அந்த எண் உதவலாம். பேச்சுவார்த்தை மேசையில் அது எதிர்த்தரப்புக்குச் சிரிக்க ஒரு சாக்கைத்தான் கொடுக்கிறது.

இதுவரை கிடைத்தவை சிறியவை, ஆனால் ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அடிமை வணிகப் பணத்தால் தான் அடைந்த பலனைத் தானே கணக்கெடுத்து வெளியிட்டு, 2019இல் வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தோடு 20 ஆண்டுகளில் 2 கோடி பவுண்டுக்கான ஒப்பந்தம் போட்டது. நெதர்லாந்து பிரதமர் ருட்டே 2022 டிசம்பரில் மன்னிப்புக் கேட்டார். 20 கோடி யூரோ நிதியும் அறிவித்தார்கள். 1863இல் அடிமை முறையை ஒழித்தபோது தன் காலனியான சூரினாமின் முதலாளிகளுக்குத் தலைக்கு 300 கில்டர் (டச்சு நாணயம்) கொடுத்துவிட்டு, அடிமைகளை இன்னும் பத்தாண்டு வேலை செய்ய வைத்த நாடு அது. பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பஞ்ச காலங்களில் தமிழர்களை விலைக்கு வாங்கி பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியதும் அதே நாட்டின் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான். ருட்டேயின் மன்னிப்பு உலகில் எங்கிருந்தாலும் அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு என்று இருந்தது, ஆகவே பழவேற்காட்டுக்கும் அது சேரும். எஸ்.பி.ஜி.யின் இன்றைய வாரிசு அமைப்பு காட்ரிங்டன் மக்களுக்காக 70 லட்சம் பவுண்டுத் திட்டத்தை 2023இல் அறிவித்தது. நில உரிமையும் அதில் பேசப்படுவதால் எனக்கு இது மற்றவற்றைவிட உருப்படியாகத் தெரிகிறது. பிரிட்டிஷ் அரசு மட்டும் அசையவில்லை. 2024 அக்டோபரில் சமோவாவில் கூடிய காமன்வெல்த் தலைவர்கள் இதைப் பற்றிப் பேசும் காலம் வந்துவிட்டது என்று அறிக்கையில் எழுதினார்கள். பிரதமர் ஸ்டார்மர் பணப் பேச்சுக்கு இடமில்லை என்றுவிட்டார்.

என்னைக் கேட்டால், தொடங்க வேண்டிய இடம் ஹைட்டி. அடிமை முறை முழுவதற்கும் விலை போடுவது ஒரு வேலை. அது முடியுமா என்று அறிஞர்கள் இன்னும் நூறு வருடம் சண்டை போடலாம். ஹைட்டி கேட்பது கட்டிய பணத்தைத் திருப்பித் தரச்சொல்லி. எந்த ஆண்டு எவ்வளவு கட்டியது, யார் வாங்கினார்கள் என்பதெல்லாம் பிரெஞ்சு ஆவணங்களிலேயே இருக்கிறது. வாங்கிய அரசு இருக்கிறது, சி.ஐ.சி. வங்கியும் இன்றுவரை இயங்குகிறது. கட்டிய தொகையை மட்டும் இன்றைய மதிப்பில் கொடுத்தாலே 56 கோடி டாலர். பிரான்ஸ் பட்ஜெட்டில் அது தூசு. பிரெஞ்சு ஜனாதிபதியாக இருந்த ஒலாந்த் 2015இல் கடனைத் தீர்ப்பேன் என்று பிரெஞ்சுக் கரீபியத் தீவான குவாதலூப்பில் பேசிவிட்டு, தார்மீகக் கடனைச் சொன்னேன் என்று ஆட்களை விட்டு விளக்கம் கொடுத்தார். ஆணை பிறப்பித்து 200 ஆண்டு நிறைந்த 2025 ஏப்ரல் 17 அன்று பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் அது அநீதி என்று ஒப்புக்கொண்டு, இரு நாட்டு வரலாற்றாசிரியர்களின் கூட்டு ஆணையத்தை அறிவித்தார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

யாரிடம் கொடுப்பது என்பது ஹைட்டியைப் பொறுத்தவரை நியாயமான கவலைதான். 2021இல் ஜனாதிபதி மொயீஸ் கொல்லப்பட்ட பிறகு தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் கையில் இருக்கிறது. உதவிப் பணம் எப்படிக் காணாமல் போகும் என்பதை 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு எல்லோரும் பார்த்தார்கள். அதற்காகக் கடன்காரன் தன்னிடமே பணத்தை வைத்துக்கொள்ள முடியாது. தனி அறக்கட்டளைக் கணக்கில் போட்டு, காரிகாமும் ஹைட்டியின் பொது அமைப்புகளும் மேற்பார்வையிட, பள்ளி, குடிநீர், துறைமுகம் என்று ஆண்டுக்கு இவ்வளவு என விடுவிக்கலாம். 1825இல் ஐந்து ஆண்டுத் தவணை கேட்டவர்கள் இதற்கு முப்பது ஆண்டுத் தவணை எடுத்துக்கொள்ளட்டும், பீரங்கி இல்லாமல்.